முதலில் வந்தவனையும் கடைசியில் வந்தவனையும் ஒரே கதவு முன்னால் நிறுத்துவது நியாயமா?

ஜூன் 3, இரவு 9.12 (கேள்வி)
அமேசிங் ரேஸ்ல (ரெண்டு ரெண்டு பேரா அணி சேர்ந்து உலகம் சுத்தி ஓடுற டிவி போட்டி) எனக்கு எரிச்சல் வர்றது ஒரே விஷயம்தான். ஒரு அணி மூணு மணி நேரம் முன்னால அடிச்சுப் பிடிச்சு வந்து நிக்கும். பார்த்தா அந்த இடம் காலையில 8 மணிக்குத்தான் திறப்பாங்க. பின்னால ஆடி அசைஞ்சு வந்தவன் 7.55க்கு வந்து பக்கத்துல நிப்பான். அப்புறம் முதல்ல வந்ததுக்கு என்ன மரியாதை? இது ஏமாத்து வேலை இல்லையா?

ஜூன் 3, இரவு 10.40
ஏமாற்று இல்லை. அந்தக் கதவு இல்லாவிட்டால் நிகழ்ச்சியே இல்லை. முதல் சீசனைப் பாருங்கள், 2001 செப்டம்பர் 5ல் ஆரம்பித்தது. கடைசி லெக்கில், அதாவது கடைசிக் கட்டத்தில், ராப்பும் பிரெனனும் நியூயார்க்கில் ஜெயித்து முடித்தபோது ஜோ, பில் ஜோடி இன்னும் அலாஸ்காவிலேயே இருந்தார்கள். முடிவுக் கோட்டில் மூன்றாவது அணியைக் காட்டக்கூட முடியவில்லை. ஒருவன் ஒரு நாள் பின்தங்கினால் அடுத்தடுத்த லெக்கில் அது கூடிக்கொண்டுதான் போகும், தானாகக் குறையாது. அதனால்தான் திறக்கும் நேரம், முதல் பஸ், முதல் படகு என்று வழியில் முட்டுக்கட்டை வைக்கிறார்கள். ரசிகர்கள் இதை ஈக்வலைசர் என்பார்கள்.

முதலில் வந்தவனுக்கு மரியாதை இருக்கத்தான் செய்கிறது. கதவு முன்னால் எண் எடுக்கும் வரிசை, நேரம் குறித்த சீட்டு, டாஸ்க்கில் முதல் மேசை. பத்து நிமிட மரியாதைதான், ஆனால் பல லெக்குகள் அந்தப் பத்து நிமிடத்தில்தான் முடிகின்றன.

ஜூன் 3, இரவு 10.52
ஒன்று விட்டுப்போனது. பிட் ஸ்டாப்பில் (லெக் முடிவில் பாய் விரித்து வைத்திருக்கும் ஓய்விடம்) அடிப்படைக் கணக்கு 12 மணி நேரம். இரவு 7.10க்கு பாயில் கால் வைத்தவன் காலை 7.10க்குக் கிளம்புவான், 9.30க்கு வந்தவன் 9.30க்கு. அதாவது இடைவெளியை அப்படியே காப்பாற்றிக் கொடுக்கிறார்கள். அதை அழிப்பது அடுத்த நாள் கதவுதான். ஆக, முன்னிலை என்பது கதவு வரைக்கும் செல்லும் காசு.

ஜூன் 4, மதியம் 1.05
செந்தூலிலிருந்து ஒருவர் கேட்கிறார்: "கே.எல். டு பினாங்கு ஒரு லெக் வெச்சா விமானம் பிடிக்கிறவன்தானே ஜெயிப்பான்?"

கணக்குப் போட்டுப் பாருங்கள். கே.எல். (கோலாலம்பூர்) சென்ட்ரலிலிருந்து கே.எல்.ஐ.ஏ. விமான நிலையத்தின் முதல் முனையத்துக்கு எக்ஸ்பிரஸ் ரயில் 28 நிமிடம், இரண்டாம் முனையத்துக்கு இன்னும் சில நிமிடம். செக்-இன் ஒரு மணி நேரத்துக்கு முன்னால் மூடிவிடும், அதனால் குறைந்தது ஒன்றரை மணி நேரம் அங்கே. பறப்பது ஒரு மணி நேரம். பினாங்கு விமான நிலையம் இருக்கும் பாயான் லெப்பாஸில் இறங்கி ஜார்ஜ்டவுன் போக 30லிருந்து 45 நிமிடம், சாயங்கால ஜாம் என்றால் கேட்கவே வேண்டாம். மொத்தம் நாலு மணி நேரத்தை ஒட்டி. இ.டி.எஸ். ரயிலும் தீவுக்கு எதிர்க்கரையான பட்டர்வொர்த்துக்கு நாலு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடத்தான், அப்புறம் ஃபெரி. பஸ் ஐந்து மணி நேரம்.

ஆகவே விமானம் ஜெயிப்பது அடுத்த விமானம் எப்போது என்பதைப் பொறுத்தது. ரயில் ஐந்து நிமிடத்தில் கிளம்புகிறது, விமானத்துக்கு இரண்டு மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்றால் ரயில்தான். ஆனால் வெள்ளிக்கிழமை, பள்ளி விடுமுறை, பெருநாள் நேரத்தில் இ.டி.எஸ். டிக்கெட் முன்கூட்டியே தீர்ந்துவிடும். அங்கேதான் லெக் உடையும்.

ஜூன் 4, மதியம் 1.20
இரண்டு டிக்கெட் என்று யாரும் கணக்குப் போடாதீர்கள். ஒவ்வொரு அணியோடும் ஒரு கேமராக்காரர், ஒரு ஒலிக்காரர். விமானத்தில் நாலு இருக்கை கிடைக்க வேண்டும், அதுவும் சிக்கன வகுப்பில். டாக்ஸியில் ஓட்டுநரோடு ஐந்து பேர். மூட்டை மடியில். "ஏன் அந்தக் காலி டாக்ஸியை விட்டுவிட்டார்கள்" என்று டிவி முன்னால் கத்துவதற்கு முன்னால் இதை நினைத்துக்கொள்ளுங்கள். கடைசி மூன்று இருக்கை உள்ள விமானம் அவர்களுக்கு நிறைந்த விமானம்.

ஜூன் 4, இரவு 8.31
பட்டர்வொர்த் நண்பர் திருத்துகிறார், சரியான திருத்தம். பஸ் ஐந்து மணி நேரம் என்று பொதுவாகச் சொன்னது தப்பு. கே.எல்.லின் டி.பி.எஸ். பஸ் நிலையத்தில் "பினாங்கு" என்று கேட்டால் இரண்டு இடத்துக்கு டிக்கெட் இருக்கிறது. பினாங்கு சென்ட்ரல் என்பது தீவிலேயே இல்லை, பட்டர்வொர்த் கரையில், ஃபெரிக்குப் பக்கத்தில். சுங்கை நிபோங் தீவில் இருக்கிறது, ஆனால் ஜார்ஜ்டவுனுக்குத் தெற்கே, 13.5 கிலோமீட்டர் பாலத்தைக் கடந்து. சாயங்காலம் 5 மணிக்குப் பாலம் ஏறுகிற பஸ்ஸைவிட, பட்டர்வொர்த்தில் இறங்கி ஃபெரி பிடிக்கிறவன் பல நாள் முந்துவான். பகல் 11 மணிக்கு என்றால் தலைகீழ்.

ஃபெரி பழைய ஃபெரி இல்லை என்பதும் ஞாபகம் இருக்கட்டும். கார் ஏற்றுகிற அந்த மஞ்சள் கப்பல்கள் 2020 முடிவோடு ஓய்ந்தன. 2023 ஆகஸ்டிலிருந்து புதியவை. ஆள், மோட்டார் சைக்கிள், சைக்கிள் மட்டும். சில்லறை நீட்டி ஏறலாம் என்று நினைக்காதீர்கள், டச் அண்ட் கோ மாதிரி ஓர் அட்டை வேண்டும். நிகழ்ச்சியில் அணிகளிடம் இருப்பது ரொக்கம். அட்டை வாங்கக் கடை தேடும் நேரத்தில் ஒரு ஃபெரி போய்விடும்.

ஜூன் 5, காலை 7.48
பெயர்ப் பொறிகள். இது என் பிரியமான பகுதி, பொறுத்துக்கொள்ளுங்கள்.

கே.எல்.லில் "கோலாலம்பூர் ரயில் நிலையம்" என்று, அணிகளுக்கு அடுத்த இடத்தைச் சொல்லும் குறிப்பில் எழுதுங்கள். பத்தில் எட்டு டாக்ஸி ஓட்டுநர்கள் கே.எல். சென்ட்ரலுக்குக் கொண்டுபோவார்கள். ஆனால் பெயர்படி அது 1910ஆம் ஆண்டுக் கட்டடம், மினாரெட் கோபுரங்களோடு நிற்கிறது, கொம்யூட்டர் ரயில் இன்னும் அங்கே நிற்கும். ஒரு நிறுத்தம்தான் தூரம், ஆனால் தப்பான இடத்தில் குறிப்புப் பெட்டியைத் தேடி அரை மணி நேரம் சுற்றலாம். மோனோரெயிலின் கே.எல். சென்ட்ரல் நிறுத்தமும் சென்ட்ரல் கட்டடத்துக்குள் இல்லை, பேரங்காடிக்குள் நுழைந்து மறுபக்கம் வெளியே வர வேண்டும். அம்பாங் ஒன்று, அம்பாங் பார்க் வேறு. செந்தூல் ஒன்று, செந்தூல் தீமோர் வேறு.

ஜார்ஜ்டவுனில் இன்னும் மோசம். பலகையில் ஜாலான் மஸ்ஜித் கப்பித்தான் கிளிங் என்று இருக்கும், பெரியவர்கள் பிட் ஸ்ட்ரீட் என்பார்கள். ஜாலான் மஸ்ஜித் நெகிரியைக் கிரீன் லேன் என்பார்கள். குறிப்பில் பழைய பெயர் இருந்தால் கைப்பேசி இல்லாத அணி கடைக்காரரிடம் கேட்டே ஆக வேண்டும். கேட்கத் தெரிந்தவன் ஜெயிப்பான். ஓடத் தெரிந்தவன் கடற்கரைக்கு ஓடிவிட்டுத் திரும்பி வருவான்.

ஜூன் 5, இரவு 11.02
வைக்கோல் பேச்சு வந்தே தீரும் என்று தெரியும், வந்துவிட்டது. சீசன் 6, சுவீடன். 270 வைக்கோல் உருளை, அதில் 20ல் மட்டும் குறிப்பு. லீனா என்ற போட்டியாளர் எட்டு மணி நேரத்துக்கு மேல் நூற்றுக்கும் அதிகமான உருளைகளைப் பிரித்தும் கிடைக்கவில்லை. நிகழ்ச்சியை நடத்தும் ஃபில் கியோகன் பாயை விட்டு வயலுக்கே வந்து போட்டி முடிந்தது என்று சொல்ல வேண்டியதாயிற்று.

சராசரிக் கணக்கில் முதல் குறிப்பு 13வது உருளையில் கிடைத்திருக்க வேண்டும். 271ஐ 21ஆல் வகுத்தால் வரும். நூறு பிரித்தும் ஒன்றுகூட இல்லை என்பது 16,000ல் ஒரு வாய்ப்பு மாதிரி.

ஜூன் 5, இரவு 11.26
அந்த 16,000ஐ அழிக்கிறேன். மற்ற அணிகள் ஆளுக்கு ஒரு குறிப்பை எடுத்துக்கொண்டு போய்விட்டன, அவர்கள் பிரித்த வெற்று உருளைகளும் ஒதுங்கிவிட்டன. அதனால் கணக்கு அவ்வளவு நேராக வராது. எப்படியும் மிகச் சிறிய வாய்ப்புதான். சீசன் 15ல் இதே வைக்கோலைத் திரும்பக் கொண்டு வந்தார்கள் என்பதிலிருந்தே தயாரிப்பாளர்களுக்கு எவ்வளவு பிடித்திருக்கிறது என்று தெரிகிறது. எனக்குப் பிடிக்கவில்லை. திறமை சம்பந்தமே இல்லாத டாஸ்க்குக்கு நேர வரம்பு வைக்க வேண்டும்.

ஜூன் 7, காலை 10.15
கேள்வி கேட்டவரே இப்போது கட்சி மாறி, "ஜார்ஜ்டவுன்ல நாமளே ஒன்னு நடத்தலாமா, எட்டு அணி, ஒரு காலைப் பொழுது" என்கிறார். நடத்தலாம். எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

குறிப்பு உறை ஒவ்வொரு இடத்துக்கும் எட்டு இல்லை, பத்து. ஒன்று நனையும், ஒன்றை யாராவது சுற்றுப்பயணி ஞாபகார்த்தமாக எடுத்துப் போவார். எண் போட்டு வையுங்கள், எத்தனை அணி கடந்தது என்று பெட்டியைப் பார்த்தே தெரியும். தாளை லேமினேட் செய்யுங்கள், மழைக்காக இல்லை, வியர்வைக்காக. ஒவ்வொரு இடத்திலும் இரண்டு பேர், ஒருவர் நடுவர், ஒருவர் நேரம் எழுத. ஒருவராக வைத்தால் அவர் கழிவறைக்குப் போகும் ஐந்து நிமிடத்தில்தான் இரண்டு அணி வந்து சேரும். கடைசி அணிக்குப் பின்னால் ஒரு ஆள் நடந்தே வர வேண்டும், பெட்டிகளைப் பொறுக்கிக்கொண்டு.

கைப்பேசியை உறையில் போட்டு ஒட்டி அவர்களிடமே கொடுங்கள். பிடுங்கி வைத்தால் அவசரத்துக்கு அழைக்க முடியாது. ஒட்டு பிரிந்திருந்தால் 30 நிமிட அபராதம்.

கிராப் (கைப்பேசியில் அழைக்கும் வாடகைக் கார்) வேண்டாம். கால்நடை, இலவச கேட் பஸ், ரேப்பிட் பினாங்கு, இவ்வளவுதான். கிராப் விட்டால் பணக்கார அணி ஜெயிக்கும்.

கோயில், பள்ளிவாசல் வளாகத்துக்குள் ஒன்றும் வைக்காதீர்கள். வாசலுக்கு எதிர்ப்புறம் வைத்தாலும் நிர்வாகத்திடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். பொது இடத்தில் மேசை போடுவதென்றால் மாநகர் கழகத்திடம் கேட்க வேண்டும்.

ஜூன் 7, மதியம் 12.40
டீடூர், அதாவது இரண்டு டாஸ்க்கில் ஒன்றை அணியே தேர்ந்தெடுப்பது. நல்ல டீடூரின் இலக்கணம்: ஒரு பக்கம் சீக்கிரம் முடியலாம் ஆனால் வராமலே போகலாம், மறுபக்கம் நிச்சயம் முடியும் ஆனால் நேரம் பிடிக்கும். இரண்டு பக்கமும் ஒரே கஷ்டம் என்றால் அது டீடூர் இல்லை, வரிசை.

என் யோசனை: மாவா, பூவா.

மாவு என்றால் ரொட்டி சானாய் வீசுவது. ஒரு கிலோ கோதுமை மாவுக்கு அரை லிட்டருக்குச் சற்று மேல் தண்ணீர், 20 கிராம் உப்பு, இரண்டு கரண்டி கெட்டிப்பால், 50 கிராம் மார்ஜரின். 80 கிராம் உருண்டையாக உருட்டினால் இருபது வரும். அணிக்கு ஆறு உருண்டை, எட்டு அணி, 48. இரண்டரைக் கிலோ மாவு போதும். எல்லாரும் மாவையே தேர்ந்தெடுத்தாலும் தாங்கும். முதல் நாள் இரவே பிசைந்துவிட வேண்டும். குறைந்தது ஆறு மணி நேரம் ஊறாத உருண்டை வீசும்போது ரப்பர் மாதிரி சுருங்கும், இழுத்தால் கிழியும், அணிகள் தங்கள் கையைத்தான் குறை சொல்லிக்கொள்வார்கள். ஒவ்வொரு உருண்டையிலும் மார்ஜரின் தாராளமாகத் தடவி மூடி வையுங்கள். காற்றாடிக்குக் கீழே வைத்தால் மேலே தோல் கட்டிவிடும், அந்த இடத்திலிருந்தே கிழிசல் ஆரம்பிக்கும்.

தேர்ச்சி அளவு: மேசையில் சாக்பீஸால் போட்ட 45 சென்டிமீட்டர் வட்டத்தை மூட வேண்டும், 50 சென் காசைவிடப் பெரிய ஓட்டை கூடாது. வட்டத்தின் மேல் எண்ணெய் பட்டால் அழிந்துவிடும், அதனால் சாக்பீஸ் வேண்டாம், ஒட்டும் நாடா. சுடுவதைக் கடைக்காரரிடம் விடுங்கள். அவசரத்தில் ஓடுகிறவன் கையில் சூடான கல்லைக் கொடுக்காதீர்கள்.

பூ என்றால் இரண்டு முழம் மல்லிகை, நூலில் கட்டுவது. அணிக்கு 100 கிராம் உதிரி, சேதாரத்துக்கும் சேர்த்து மொத்தம் ஒரு கிலோ. ஒரு முனையைப் பிடித்து மூன்று முறை உதற வேண்டும், ஐந்து பூவுக்கு மேல் உதிர்ந்தால் திரும்பக் கட்டு.

ஜூன் 7, இரவு 9.30
மல்லிகையை அப்படியே வெளியில் வைப்பதை வாபஸ் வாங்குகிறேன். லிட்டில் இந்தியாவில் பூக்கடை வைத்திருக்கும் அக்கா ஒருவரைத் தெரிந்தவர் எழுதியிருக்கிறார்: காலை 9 மணிக்கு வைத்த மொட்டு 11 மணி வெயிலில் விரிந்துவிடும், விரிந்த பூவைக் கட்டினால் காம்பு நழுவும். கடைசியில் வரும் அணிக்குக் கஷ்டமான பூ கிடைக்கும். நியாயமில்லை. ஈரத்துணி போட்டு ஐஸ் பெட்டியில் வைத்து, அணி வந்த பிறகு அளந்து கொடுத்தால் சரியாகும் என்கிறார். செவ்வந்தி சீக்கிரம் வாடாது, ஆனால் அதை ஊசியில் கோத்துவிடலாம், ஐந்து நிமிட வேலை, டீடூர் செத்துவிடும். ஐஸ் பெட்டி மல்லிகையே இருக்கட்டும்.

ஜூன் 8, காலை 8.20
படி எண்ணும் டாஸ்க் யோசனை சொன்ன மூன்று பேருக்கும்: வேண்டாம். பத்துமலை 272, பினாங்கு தண்ணீர்மலை 513 என்று தமிழன் ஒவ்வொருவனுக்கும் மனப்பாடம். ஏறாமலே பதில் எழுதுவான். பத்துமலையில் இன்னொரு தொல்லை குரங்கு. பிளாஸ்டிக் பை கண்டால் பிடுங்கும், உள்ளே பழமா குறிப்பா என்று பார்க்காது. உறையைச் சட்டைக்குள் வைக்கச் சொல்லுங்கள்.

தண்ணீர்மலையை முடிவிடமாக வைக்கலாம். ஆனால் மேலே இல்லை, அடிவாரத்தில். 513 படி ஏறி வந்தவனை வெயிலில் நிறுத்தி "நீங்கள்தான் கடைசி" என்று சொல்வதற்கு ஃபில் மாதிரி தூக்கிக் காட்டும் புருவம் வேண்டும். நம்மிடம் இல்லை.

ஜூன் 8, மாலை 6.05
கொடிமலை (பினாங்கு ஹில்) ரயிலும் வேண்டாம். பயணம் சில நிமிடம்தான், வரிசைதான் பிரச்சினை. பள்ளி விடுமுறையில் முதல் அணி உடனே ஏறி, ஐந்து நிமிடம் தாமதித்த அணி ஒரு மணி நேரம் நிற்கும். ஈக்வலைசர் சேர்த்து வைக்கும், இது பிரித்துப் போடும்.

ஜூன் 9, காலை 9.44
நாள் தேர்வு. வெள்ளிக்கிழமை வைத்தால் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் பக்கம் மதியத் தொழுகை நேரத்தில் நகர முடியாது. எந்த நாளானாலும் குயின் ஸ்ட்ரீட் மாரியம்மன் கோயில் பக்கத்தில் கோபுரத்தைப் பார்த்துப் பதில் எழுதும் குறிப்பு என்றால் பரவாயில்லை, உள்ளே யாரிடமாவது கேட்க வேண்டும் என்றால் மதியம் நடை சாத்திவிடுவார்கள், சாயங்காலம்தான் திறப்பார்கள். 12 மணிக்கு முன்னால் வந்தவன் தப்பினான், பின்னால் வந்தவன் நாலு மணி நேரம் உட்கார வேண்டும்.

தொடக்கம் பட்டர்வொர்த்தில். எட்டு அணியும் ஒரே ஃபெரியில். இறங்கும்போது எல்லாரும் சமம், அப்புறம் அவரவர் சாமர்த்தியம்.

ஜூன் 9, காலை 10.02 (கேள்வி கேட்டவர்)
அப்ப நீங்களும் எல்லாரையும் ஒரே கதவு முன்னால நிறுத்துறீங்க.

ஜூன் 9, காலை 10.10
ஆமாம். கப்பல் கதவு.

ஜூன் 10, இரவு 10.37
பேச்சு விமானத்துக்குத் திரும்பியிருக்கிறது. 33ஆவது சீசன் 2020 பிப்ரவரியில் மூன்று லெக் முடிந்த நிலையில் கோவிட்டால் நின்று, 2021 செப்டம்பரில் தொடர்ந்தது. வாடகை விமானத்தில் எல்லாரையும் ஏற்றினார்கள். பாதுகாப்புக்குச் சரி, ஆட்டத்துக்குப் பாதி உயிர் போய்விட்டது. விமான நிலைய கவுண்டரில் நடக்கும் தந்திரம்தான் இந்த நிகழ்ச்சியின் முதுகெலும்பு. 35ல் சாதாரண விமானங்கள் திரும்பின. "அப்புறம் ஏன் 36ல் மறுபடியும் வாடகை விமானம்" என்று குழம்பியவர்களுக்கு: 36தான் முதலில் படமாக்கப்பட்டது, ஒளிபரப்பில்தான் பின்னால் வந்தது.

நம் பக்கம் அவர்கள் வந்ததில் சில: நாலாவது சீசனில் சபா, 16ல் பினாங்கு, 24ல் சபாவும் கே.எல்.லும். ஆசியப் பதிப்பின் முதல் சீசனை ஜெயித்தது நம் மலேசிய ஜோடி, சப்ரினாவும் ஜோ ஜெரும். அதை மறந்துவிட்டு "ஆசியாக்காரங்களுக்கு இந்த ஆட்டம் வராது" என்று இங்கே ஒருவர் எழுதியது அழிக்கப்படாமல் இருக்கிறது. இருக்கட்டும், எல்லாரும் பார்க்கட்டும்.

ஜூன் 11, காலை 7.15
அபராதம் எவ்வளவு என்று கேட்டீர்கள். சீசன் 7, அர்ஜென்டினா, நாலு பவுண்டு இறைச்சி தின்னும் ரோட்பிளாக் (அணியில் ஒருவர் மட்டும் செய்ய வேண்டிய டாஸ்க்). ராப் (முதல் சீசன் ராப் இல்லை, ராப் மரியானோ) சாப்பிட மறுத்து நாலு மணி நேர அபராதத்தை எடுத்துக்கொண்டார். அதோடு நிற்கவில்லை, இன்னும் சிலரையும் அதே வழிக்கு இழுத்தார். எல்லாரும் நாலு மணி நேரம் என்றால் யாருக்கும் நாலு மணி நேரம் இல்லை. அபராதம் என்பது தனியாக வாங்கினால்தான் வலிக்கும். நம் ஆட்டத்திலும் யாராவது இதைக் கண்டுபிடிப்பார்கள்.

எனவே டீடூரை விட்டால் 45 நிமிடம், அதே அபராதத்தை இரண்டாவதாக எடுக்கும் அணிக்கு 60, மூன்றாவதுக்கு 75. கூட்டணி உடைந்துவிடும்.

ஜூன் 11, காலை 7.31
நேரம் எழுதுகிற எல்லாக் கைக்கடிகாரங்களையும் ஃபெரி கிளம்பும் முன்னால் ஒன்றாக வையுங்கள். வினாடி வரைக்கும். மாவு மறக்க வேண்டாம், சனிக்கிழமை இரவு 10 மணிக்குப் பிசையணும்.